குன்றின் மேல் ஒரு ‘மடத்தனம்’: வாசகர் கேள்வி - பதில்

மார்த்தாண்டத்து வாசகி ஒருவர் அனுப்பிய நிழற்படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். புல் மூடிய ஒரு குன்றின் உச்சியில், மூன்று உருண்டைக் கொத்தளங்களுடன் தன்னந்தனியாக நிற்கும் கல் கோபுரத்தின் படம் அது. இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் செவிலியராக வேலை பார்க்கும் அவருடைய மகள் ஒரு விடுமுறை நாளில் எடுத்தது. ‘இது என்ன கட்டடம்?’ என்று அவர் ஒருவர்தான் கேட்டிருந்தார். படம் அச்சான பிறகு மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு குன்றைச் சுற்றியவையே.

*கேள்வி: ஐயா, படத்தில் இருப்பது கோட்டையா, பழைய மாதா கோவிலா? மகளிடம் கேட்டால் ‘ஏதோ பழைய கோட்டை அம்மா’ என்கிறாள். யார் கட்டியது, எதற்காகக் கட்டியது? — வாசகி, மார்த்தாண்டம்*

பதில்: கோட்டையும் அல்ல, கோவிலும் அல்ல, அம்மா. கோட்டை வேடம் போட்ட கட்டடம் என்று சொன்னால் பொருந்தும். அடிவாரத்தில் உள்ள ஊரின் பெயரால் பிராட்வே கோபுரம் என்று அழைக்கப்படும் அது, வூஸ்டர்ஷயர் பகுதியில், காட்ஸ்வோல்ட் குன்றுத்தொடரின் மேற்கு விளிம்பில் நிற்கிறது. குன்று கடல் மட்டத்திலிருந்து 1,024 அடி உயரம். அந்தத் தொடரில் கிளீவ் குன்றுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். கோபுரத்தின் உயரமோ 65 அடி. நம் சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் ராஜகோபுரம் 134 அடி என்பதை நினைத்துக்கொண்டால், அதில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் காலடியில் ஈவ்ஷம் சமவெளி வயலும் பழத்தோட்டமுமாகத் தாழ்ந்து விரிந்து கிடப்பதால், குட்டையான அந்தக் கோபுரம் சுற்று வட்டாரம் முழுவதற்கும் அடையாளமாகிவிட்டது.

கட்டியவர்கள் கவென்ட்ரி பிரபுவின் குடும்பத்தார். இந்தப் பட்டத்துக்கு வந்த ஆறாமவருக்கு, சமவெளியின் மறுகோடியில் குரூம் கோர்ட் என்ற மாளிகையும், பிராட்வே குன்றின் பக்கத்திலேயே ஸ்பிரிங் ஹில் என்ற பண்ணையும் இருந்தன. மாளிகையிலிருந்து பார்த்தால் குன்றின் மேல் கண்ணுக்கு நிறைவாக ஏதேனும் ஒன்று தெரிய வேண்டும் என்பதே நோக்கம். யோசனை ‘கேபபிலிட்டி’ பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக் கலைஞருடையது என்றும், அதைக் கையில் எடுத்து நிறைவேற்ற வைத்தவர் பிரபுவின் மனைவி பார்பரா என்றும் சொல்வார்கள். பிரவுன் 1783-இல் இறந்துபோனார். 1794-இல் கோபுரத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞர்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வேலையும் முடிந்தது. வயட்டின் பெயரை மறந்துவிடாதீர்கள். கீழே வேறொரு கேள்வியில் அவர் மீண்டும் வருவார், அதுவும் அவ்வளவு நல்ல பெயரோடு அல்ல.

‘கவென்ட்ரி சீமாட்டி’ என்றதும் சிலர் மரியா கன்னிங் என்ற பேரழகியை நினைப்பார்கள். அவர் அதே பிரபுவின் முதல் மனைவி. ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சை முகத்தில் பூசிப் பூசியே 1760-இல் இளம் வயதில் இறந்துபோனவர். கோபுரத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

உங்கள் மகள் கோட்டை என்று நினைத்ததில் பிழையும் இல்லை. அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் கட்டினார்கள். புதிதாகக் கட்டும்போதே ‘சாக்ஸன்’ கோபுரம் என்று பெயர் சொல்லி, மேலே அம்பு எய்பவர் மறைந்து நிற்பதற்கான பல்வரிசை மதில், பூதமுகத் தாரைவாய்கள், உப்பரிகைகள் எல்லாம் வைத்தார்கள். சாக்ஸன் அரசர்களின் காலம் 1066-இல் முடிந்துவிட்டது. ஏழு நூற்றாண்டு கழித்து, எதிரியே இல்லாத குன்றின் மேல் எழுப்பிய போலிக் கோட்டை அது.

*கேள்வி: சீமாட்டி குன்றின் மேல் தீ மூட்டி, அது தன் மாளிகையிலிருந்து தெரிகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கோபுரம் கட்டினாராம், இணையத்தில் படித்தேன். இடைவெளி 35 கிலோமீட்டர் என்றும் இருந்தது. அவ்வளவு தூரம் தெரியுமா, அல்லது கட்டுக்கதையா? — ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், தக்கலை*

பதில்: தூரத்தில்தான் சிக்கல் இருக்கிறது, தீயில் இல்லை. 35 கிலோமீட்டர், அதாவது 22 மைல், என்பது வூஸ்டர் நகரத்தை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. வரைபடத்தில் கோபுரத்துக்கும் குரூம் கோர்ட் மாளிகைக்கும் நேர்கோடு இழுத்தால் சுமார் 25 கிலோமீட்டர்தான் வரும். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் காகம் பறக்கும் வழியில் எவ்வளவு தொலைவோ, ஏறத்தாழ அவ்வளவு.

கணித ஆசிரியர் என்பதால் தாங்களே போட்டுப் பார்க்கலாம். பார்வைப் புள்ளியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைத்துவிடும். குன்று 312 மீட்டர், கோபுரம் 20 மீட்டர், ஆக 332; வர்க்கமூலம் 18-க்குச் சற்று மேல்; பெருக்கினால் சுமார் 65 கிலோமீட்டர். முட்டம் கலங்கரை விளக்கம் கடலில் எவ்வளவு தூரம் தெரியும் என்று கணக்கிடுவதும் இதே வாய்பாட்டில்தான். ஆகவே பூமியின் வளைவு சீமாட்டிக்குத் தடையாக இருந்திருக்காது.

தடை வேறு இடத்தில் இருந்திருக்கலாம். அந்த நேர்கோட்டுக்கு மிக அருகில் பிரெடன் குன்று என்ற 299 மீட்டர் மேடு குறுக்கே தோள் கொடுத்து நிற்கிறது. அதன் சரிவு மறைக்குமா, மறைக்காதா என்பதை அந்தக் காலத்தில் மாளிகை மாடியில் நின்று ஊகிக்க முடியாது. ஒரு தீயை மூட்டிப் பார்த்துவிடுவதே சுலபம். எனவே செவிவழிக் கதையாகவே வந்திருந்தாலும், இதை நம்புவதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த நாட்டில் குன்றுகளின் மேல் தீ மூட்டிச் செய்தி சொல்வது பழைய வழக்கமும்கூட. 1588-இல் ஸ்பெயின் நாட்டுப் போர்க்கப்பல்கள் படையெடுத்து வந்தபோது, தென்கரையில் மூட்டிய தீயைப் பார்த்து அடுத்த குன்றிலும், அதைப் பார்த்து அதற்கடுத்த குன்றிலும் மூட்டியே நாடு முழுவதையும் எழுப்பினார்கள். திருவண்ணாமலை உச்சியில் தீபம் ஏறியதைக் கண்டபின் ஊர் ஊராக விளக்கேற்றுகிற நமக்கும், கார்த்திகை அன்று கோவில் முன் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும், இதை விளக்க வேண்டியதில்லை.

*கேள்வி: வழிபடவும் இல்லை, காவலுக்கும் இல்லை, குடியிருக்கவும் இல்லை என்றால், இவ்வளவு கல்லையும் காசையும் ஏன் மலைமேல் கொண்டுபோய்க் கொட்டினார்கள்? — வாசகர், கோட்டாறு*

பதில்: இதே கேள்வியை அங்கே உள்ளவர்களும் கேட்டார்கள், கேட்டு, அத்தகைய கட்டடங்களுக்கு ‘ஃபாலி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு மடத்தனம் என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் இத்தாலிக்குப் பயணம் போய், இடிந்த ரோமானியக் கோவில்களும் குன்றுகளும் உள்ள நிலக்காட்சி ஓவியங்களை வாங்கிவந்தார்கள். பிறகு தங்கள் தோட்டமும் அந்த ஓவியத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். இடிபாடு இல்லாத இடத்தில் இடிபாட்டைப் புதிதாகக் கட்டினார்கள். குரூம் மாளிகையைச் சுற்றி மட்டுமே டன்ஸ்டல், பர்ட்டன் என்று இரண்டு போலிக் கோட்டை இடிபாடுகள் இருக்கின்றன.

இன்னொரு வகை ஆசை உயரத்தைப் பற்றியது. மேலே சொன்ன பிரெடன் குன்று 981 அடி. அதன் உச்சியில், கெமர்ட்டன் ஊரைச் சேர்ந்த பார்சன்ஸ் என்ற நிலக்கிழார் ஒரு சிறு கோபுரத்தைக் கட்டினார். குன்றையும் கோபுரத்தையும் சேர்த்து ஆயிரம் அடி ஆக்கிவிடுவதே அவருடைய எண்ணம் என்பார்கள். தெற்கே சர்ரே பகுதியில் லீத் குன்று 965 அடி. அங்கே 1765-இல் ரிச்சர்ட் ஹல் என்பவர் ஏறக்குறைய 64 அடிக்குக் கோபுரம் எழுப்பி ஆயிரத்தைத் தாண்டினார். 1772-இல் இறந்தபோது, அவருடைய விருப்பப்படி அந்தக் கோபுரத்தின் அடியிலேயே அவரைப் புதைத்தார்கள். அவருக்குப் பின் பராமரிக்க ஆளில்லாமல் கோபுரம் பாழடைந்தது. கதவையும் சன்னலையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பின்னர் வந்தவர் ஒருவர் உள்ளே முழுக்கக் கல்லும் காரையும் கொட்டி அடைத்துவிட்டார். 1864-இல் மறுபடி திறக்க முயன்றபோது அந்த அடைப்பு பாறையாக இறுகியிருந்ததால், தோண்டுவதைக் கைவிட்டு, வெளிப்புறமாக ஒட்டவைத்த தனிப் படிக்கட்டுக் கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். இன்றும் அந்த ஒட்டுப்படியில் ஏறித்தான் உச்சிக்குப் போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் இதற்கு இணை தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சிதறால் மலையில் சமணர் சிற்பங்களும் பின்னாளில் பகவதி கோவிலும். கடல் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலையின் 133 அடிக்கும் 133 அதிகாரம் என்று கணக்கு உண்டு. எதையாவது வேண்டிக்கொண்டோ எண்ணிக்கொண்டோதான் நாம் உயரத்தில் கல்லை ஏற்றியிருக்கிறோம். வெறுமனே அழகுக்காக ஏற்றும் துணிச்சல் நமக்கு வந்ததில்லை போலும்.

*கேள்வி: அந்தக் கோபுரத்துக்குள் ஒரு காலத்தில் அச்சகம் நடந்ததாக என் பேரன் சொல்கிறான். மலை உச்சியில் அச்சு இயந்திரமா? — அச்சகம் நடத்தி ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்*

பதில்: உண்மைதான். சர் தாமஸ் பிலிப்ஸ் என்பவர் 1822-இல் அங்கே அச்சகம் வைத்தார். கோபுரத்துக்குப் பக்கத்திலிருந்த மிடில் ஹில் என்ற பண்ணை வீடு அவருடையது. அச்சகத்துக்கும் அதே பெயர். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் அச்சகம் தொடங்கியதும் 1820-களின் தொடக்கத்தில்தான் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே காலம், நோக்கம்தான் வேறு. இங்கே ஊர் முழுவதும் படிக்க அச்சிட்டார்கள். பிலிப்ஸ் பழைய குடும்பங்களின் வம்சாவளிப் பட்டியல், கல்லறை வாசகங்கள், தன் சுவடிகளின் பட்டியல் ஆகியவற்றையே, அவற்றைக் கேட்கிற சிலருக்காக மட்டும், அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

பிலிப்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். உலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தன்னிடம் இருக்க வேண்டும் என்று சொன்ன மனிதர் அவர். புத்தகம் கட்டுபவர்களும் பசை காய்ச்சுபவர்களும் பழைய தோல் சுவடிகளை எடைக்கு வாங்கி அழிப்பதைக் கண்டு பொறுக்காமல், கேட்ட விலை கொடுத்து வாங்கத் தொடங்கினார். தன்னைத் தோல்சுவடிப் பித்தன் என்று தானே சொல்லிக்கொண்டார். சுமார் 60,000 கையெழுத்துச் சுவடிகள் சேர்ந்தன. கடனும் அதற்கு ஈடாகச் சேர்ந்தது. தீப்பிடித்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வசதியாக, முன்பக்கம் திறக்கும் சவப்பெட்டி போன்ற பெட்டிகளில் அவற்றை அடுக்கிவைத்திருந்தார். வீட்டில் மனைவி மக்கள் நடப்பதற்கு வழி இருந்ததா என்பது வேறு விஷயம்.

மகள் ஹென்ரியட்டா, ஹாலிவெல் என்ற அறிஞரைத் தந்தையின் சம்மதம் இல்லாமல் 1842-இல் திருமணம் செய்துகொண்டார். மிடில் ஹில் வீடு சட்டப்படி ஒருநாள் மருமகன் கைக்குப் போகும் என்பதால், பிலிப்ஸ் அந்த வீட்டை வேண்டுமென்றே சிதையவிட்டு, 1860-களில் நூறு வண்டிகளுக்கு மேல் பூட்டித் தன் சுவடிகளை எல்லாம் செல்டனம் நகருக்குக் கொண்டுபோய்விட்டார். 1872-இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரத்தை விற்றுத் தீர்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. குணம் கொடுமையானதுதான், ஆனால் ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விட்ட ஊரிலிருந்து பார்க்கும்போது, அப்படி ஒரு பித்தன் நமக்கும் வாய்த்திருக்கக்கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

*கேள்வி: வில்லியம் மோரிஸ் என்ற கலைஞருக்கும் இந்தக் கோபுரத்துக்கும் தொடர்பு உண்டு என்று வகுப்பில் சொன்னார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் இயக்கம் அங்கேதான் பிறந்ததா? — கல்லூரி மாணவி, குலசேகரம்*

பதில்: பிறந்தது என்று சொல்ல முடியாது, கரு உருவானது என்று சொல்லலாம். பிலிப்ஸுக்குப் பிந்தைய ஆண்டுகளில் கோபுரத்தை வாடகைக்கு எடுத்திருந்தவர் கார்மெல் பிரைஸ் என்ற பள்ளித் தலைமையாசிரியர். பம்பாயில் பிறந்த கிப்ளிங், இங்கிலாந்தில் அவரிடம்தான் படித்தார். கவிஞரும் சுவர்த்தாள், துணி ஆகியவற்றுக்குச் சித்திரம் வரைந்தவருமான மோரிஸும், ஓவியர் பர்ன்-ஜோன்ஸும் பிரைஸின் நண்பர்கள். விடுமுறைக்குக் குடும்பத்தோடு அங்கே வந்து தங்குவார்கள். அதைவிட வசதியற்ற இடமும் இல்லை, அதைவிட இன்பமான இடமும் இல்லை என்ற பொருளில் மோரிஸின் மகள் மே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆண்கள் குளிப்பது மொட்டை மாடியில். சோப்பைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் இருந்தால் குளியல் முடியும்.

1876 செப்டம்பரில் அங்கே தங்கியிருந்த காலத்தில் மோரிஸ் பர்ஃபர்டு என்ற ஊருக்குப் போனார். அங்கே பழைய சர்ச் ஒன்றைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்ற பெயரில் இடித்தும் சுரண்டியும் மாற்றிக்கொண்டிருந்ததைக் கண்டு கொதித்துப்போனார். இதைத் தடுக்க ஒரு சங்கம் வேண்டும் என்று வற்புறுத்தும் கடிதம் ஒன்றை அந்த நாட்களில்தான் வரைந்தார். அடுத்த மார்ச் மாதம், டூக்ஸ்பரி நகரின் பெரிய மடாலயத் தேவாலயத்துக்கும் அதே கதி நேரப்போகிறது என்ற செய்தி வந்ததும், அவர் பத்திரிகைக்குப் பகிரங்கமாக எழுதினார்; அந்த மாதமே, 1877 மார்ச் 22-இல், பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் லண்டனில் தொடங்கிவிட்டது. சுவர்களின் பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதே அன்றைய புதுப்பிப்பாளர்களின் முதல் வேலை என்பதால், தங்கள் சங்கத்துக்குச் செல்லமாக வைத்துக்கொண்ட பெயரைத் தமிழில் சொன்னால் ‘சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்’ என்று வரும். நமக்கு அது தொழிற்சங்கத்தின் பெயராகக் காதில் விழும். மோரிஸ் சில ஆண்டுகளில் சோஷலிஸ்டாகவும் ஆனார் என்பதால் அப்படிக் கேட்டாலும் தவறில்லை.

இப்போது ஜேம்ஸ் வயட்டிடம் திரும்புவோம். பிராட்வே கோபுரத்தை வரைவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1789 முதல் 1792 வரை, அவர் சாலிஸ்பரி பேராலயத்தில் ‘திருத்தப்பணி’ செய்தார். தனியாக நின்ற மணிக்கோபுரத்தை இடித்தார். உள்ளே இருந்த சிற்றாலயங்களைப் பெயர்த்தார். பழைய வண்ணக் கண்ணாடிகளை அகற்றினார். ‘அழிப்பவர் வயட்’ என்ற பட்டமே அவருக்கு நிலைத்துவிட்டது. உண்மையான பழமையை இடித்த அதே கைதான் பிராட்வே குன்றில் பொய்ப் பழமையை எழுப்பியது. அந்தப் பொய்ப் பழமைக்குள் தங்கியிருந்த காலத்தில்தான் மோரிஸ் உண்மைப் பழமையைக் காக்கும் வழியை யோசித்தார். ஃபான்ட்ஹில் என்ற இடத்தில் வயட் கட்டிய இன்னொரு மாபெரும் கோபுரம் 1825-இல் தானாகவே சரிந்து விழுந்தது. பிராட்வேயில் கட்டியது சிறியது என்பதாலோ என்னவோ, அது மட்டும் அசையாமல் நிற்கிறது.

மோரிஸின் சங்கம் சொன்னது எளிய விஷயம். இடிந்த பிறகு பழையதைப் போலப் புதிதாகக் கட்டாதே. இடியாமல் இருக்க நாள்தோறும் கவனி. ஓடு நழுவினால் ஓட்டை மாற்று, தாரையில் சருகு அடைத்தால் எடுத்துப்போடு. இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. குடமுழுக்குக்கு முன் கோவில் தூண்களை மணல் வீச்சால் ‘சுத்தம்’ செய்து, கல்வெட்டு எழுத்தும் சிற்பத்தின் மூக்கும் விரலும் தேய்ந்துபோனதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. அறநிலையத் துறை அந்த முறையைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால், நூற்றாண்டுகளாக மெருகு குறையாத அந்தக் கருந்தரையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். மோரிஸ் கேட்டது என்ன என்பது புரிந்துவிடும்.

*கேள்வி: எங்கள் மகன் அந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிறான்; அடுத்த மாதம் நானும் மனைவியும் போகிறோம். இப்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது? — வாசகர், தோவாளை*

பதில்: படி ஏறி மேலே போகலாம். ஒவ்வொரு தளத்திலும் கோபுரத்தின் கதையைச் சொல்லும் காட்சிகள் உள்ளன. மேகமில்லாத நாளில் மாடியிலிருந்து 16 கவுண்டிகள், அதாவது நம் கணக்கில் மாவட்டங்கள், தெரியும் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். மேற்கே வேல்ஸ் நாட்டு மலைகள் வரை பார்வை போகும். கோபுரத்தைச் சுற்றிய பூங்காவில் செம்மான்கள் மேய்கின்றன. காற்று பலமாக அடிக்கும் இடம் என்பதால், கோடை என்று நம்பிப் போகாமல் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

பலர் பார்க்காமல் திரும்பிவிடும் இடம் ஒன்று கோபுரத்துக்குப் பக்கத்திலேயே தரைக்கடியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைக் கண்காணிக்க இந்தக் குன்றைப் பயன்படுத்திய பார்வையாளர் படை, அணுகுண்டுப் பயம் வந்த பிறகு மண்ணுக்குக் கீழே சுமார் 15 அடி ஆழத்தில் ஒரு சிற்றறை கட்டியது. நாடு முழுவதும் இப்படி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. குண்டு விழுந்தால் மூன்று பேர் உள்ளே இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு, வெடிப்பின் அழுத்தத்தையும் கதிர்வீச்சையும் அளந்து தொலைபேசியில் சொல்ல வேண்டும். வெடித்த திசையை அறிய அவர்களிடம் இருந்த கருவி, நான்கு ஊசித்துளைகள் போட்ட ஒரு டப்பா. உள்ளே ஒளிபடும் தாள். அந்தத் தாளை எடுத்து வர ஒருவர் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். 1991-இல் அந்தப் பணி நிறுத்தப்பட்டது. பழைய கட்டில், கருவி எல்லாவற்றையும் மறுபடி பொருத்தி, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள். ஆகவே மகனிடம் சொல்லி நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்குவதற்குப் படிக்கட்டு கிடையாது, செங்குத்தான இரும்பு ஏணிதான். வீட்டம்மாவுக்கோ தங்களுக்கோ முழங்கால் வலி இருந்தால், கோபுரத்தோடு நிறுத்திக்கொண்டு மான்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது நல்லது.